கூட ஆள் உண்டு

பி பிளாக் செலின் சிஸ்டர் வீட்டு வாசலில் வீல்சேர் ஏற ராம்ப் கட்டப் போகிறார்கள் என்ற சேதி, அந்த வீட்டுக்குத் தெரியும் முன்பே சொசைட்டியின் மற்றப் பதினொரு தமிழ் வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. மயூர் விஹாரில் தண்ணீர் வராத நாள் உண்டு, சேதி வராத நாள் கிடையாது. சம்பந்தப்பட்ட வீட்டுக்கு மட்டும் அது கடைசியில் போய்ச் சேரும்.

செலின் யாருக்கும் சிஸ்டர் அல்ல. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இருபத்தொரு வயதில் நர்ஸ் வேலைக்கு டில்லி வந்தவள். முப்பத்தேழு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் உழைத்துவிட்டுப் போன வருஷம்தான் ரிடையரானாள். புருஷன் சைமன் டெங்குவில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் பெனிட்டா, முப்பத்தொரு வயது. இருபத்துநாலாவது வயதில் தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனவளை அக்ஷர்தாம் திருப்பத்தில் டெம்போ ஒன்று தட்டிவிட்டது. முதுகெலும்பு போயிற்று. "இடுப்புக்குக் கீழதான் ஒண்ணும் இல்ல, இடுப்புக்கு மேல எல்லாம் இருக்கு, முக்கியமா வாய் இருக்கு" என்பாள் சி பிளாக் பொன்னம்மாள். பெனிட்டாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். சொல்ல உரிமை உண்டு. வாய் மட்டுமா, கைகளும் இருந்தன. சக்கரம் உருட்டி உருட்டி மல்யுத்தக்காரன் தோள் மாதிரி ஆகியிருந்தது பெனிட்டாவுக்கு.

வீடு கிரவுண்ட் ஃப்ளோர். பெயர்தான் கிரவுண்ட், மழைத் தண்ணீருக்குப் பயந்து நாலு படி ஏற்றிக் கட்டியது. பெனிட்டா வெளியே போகவேண்டுமானால் வாட்ச்மேனும் இஸ்திரிக்காரரும் வரவேண்டும். ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடித்து, "ஏக், தோ, தீன்" என்று தூக்கி இறக்குவார்கள். இறக்கிவிட்டு, பேபி போன தடவையைவிடக் கனம் கூடியிருக்கிறது என்று சிரிப்பார்கள். பெனிட்டாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு ஒரு மாசம் வெளியே வரமாட்டாள்.

வீட்டுக்குள்ளே நடப்பது வார்டு நிர்வாகம். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு சார்ட் தொங்கும். பி.பி., யூரின், மோஷன், முதுகைத் திருப்பிப் போட்ட நேரம், எல்லாம் செலினின் குண்டு கையெழுத்தில். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் டியூப் போட்டு யூரின் எடுக்கவேண்டும். செலின் டியூட்டிக்குப் போன காலத்தில் பெனிட்டா தானே செய்துகொண்டவள்தான், ரிடையரான பிறகு செலின் விடமாட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஐஸ் வாட்டர் எடுக்கப் போகும் சாக்கில் சார்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். முந்தின நாள் பெனிட்டாவுக்கு எத்தனை மில்லி போயிற்று என்பது ஏ பிளாக் வரைக்கும் தெரியும். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தில் செலின் சாட்சி சொல்ல எழுந்தால் கைக்குட்டைகள் தானாக வெளியே வரும். அவளுக்கு அங்கே முதல் வரிசை நாற்காலி. அவள் வராத ஞாயிறுகூட அதைக் காலியாகத்தான் விட்டு வைப்பார்கள்.

பெனிட்டா மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். நொய்டாவில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. மார்ச்சில் கூப்பிட்டு, பத்துப் பேருக்கு மேலே உன்னைப் போடுகிறோம், ஆனால் செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் ஆபீஸ் வரவேண்டும் என்றார்கள். அந்தப் பேச்சுக்காக அவள் ஒரு நாள் தனியாக நொய்டா போனாள். படியை இரண்டு பேரும் இறக்கிவிட்டார்கள், மிச்சமெல்லாம் அவளே. சர்வீஸ் ரோடு எட்டு நிமிஷம், ஸ்டேஷன் லிஃப்ட், மெட்ரோ, மறுபடி லிஃப்ட். திரும்பி வந்தவளின் முகத்தை யாரும் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. செலின் லேடீஸ் கோச்சில் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போய் வந்தது அவளுக்குத் தெரியாது. ஏ பிளாக்குக்குத் தெரியும்.

"மம்மி, படி மட்டும் இல்லன்னா எனக்கு யாரும் வேண்டாம்" என்றாள் அன்றைக்கு, தட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் பிசைந்தபடி.

"யாரும் வேண்டாமோ?" என்றாள் செலின்.

"சும்மா சொல்லுகேன் மம்மி. யாரும் தூக்க வேண்டாம்னு."

செலின் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள்.

அப்போதுதான் சொசைட்டி செக்ரட்டரி சேஷனுக்கு ஞானம் பிறந்தது. சேஷன் கும்பகோணத்துக்காரர், மந்திரி ஆபீஸில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். இப்போதும் பால்காரருக்குக்கூட நோட் போடுவார். அவர் தம்பி பெண் ஸ்நேகா டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், டிசைன் படிக்கிறாள். அவள் கடைசி வருஷ பிராஜெக்டுக்கு ஊனமுற்றவர் ஒருவர் தேவைப்பட்டார். பெரியப்பா கையில் ஒருத்தி இருந்தாள். செலவில் கல்லூரி பாதி, சொசைட்டி பாதி என்று ராம்ப் முடிவாயிற்று.

முதல் கட்டம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எம்பதி டே என்று பெயர். சேஷன் தமிழ் வாட்ஸப் குரூப்பில் அதை "ஒத்துணர்வு நாள்" என்று போட்டார். அன்றைக்கு என்ன சாப்பிடக்கூடாது என்று யாரோ கேட்டார்கள்.

நாற்பத்துமூன்று டிகிரி. அனல் காற்றில் வேப்பிலை வறுபட்டுக் கிடந்தது. ஸ்நேகா நாலு தோழிகளோடும் அளவு டேப்போடும் வந்தாள். வந்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

"சிஸ்டர், ஒரு வீல்சேர் வேணுமே. உங்காத்துதைப் பத்து நிமிஷம் குடுங்கோ" என்றார் சேஷன்.

பெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "எதுக்கு அங்கிள்? நான்தான் இதுல இருக்கேனே, என்னைக் கேளுங்க."

"தீதீ, உங்களுக்கு ஆல்ரெடி தெரியும்ல?" என்றாள் ஸ்நேகா அன்பாக. "எங்களுக்குத்தான் தெரியாது. நாங்க ஃபீல் பண்ணணும்."

வாய் உள்ளவள் வாயைத் திறந்தாள். அதற்குள் செலின் கக்கத்தில் கைகொடுத்து, நர்ஸ்களுக்கே உரிய ஒரே வீச்சில், அத்தனை பேர் பார்க்க மகளைக் கட்டிலுக்கு மாற்றினாள். நைட்டி முழங்காலுக்கு மேலே ஏறியது. செலினே இழுத்துவிட்டாள்.

பெனிட்டா தலையணைக்கடியிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து போட்ட படம். நாலு படி, இருபத்தாறு அங்குல உயரம், அதற்கு இருபத்தாறு அடி நீளம், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு தட்டு, கைப்பிடி எந்த உயரம் என்பது வரைக்கும்.

"மம்மி, இத அவங்ககிட்ட கொடு. நீளம் ரொம்ப முக்கியம்னு சொல்லு. நாற்காலி வந்ததும் நானே பேசுகேன்."

"சொல்லுகேன் மக்ளே. நீ கெடந்து உருளாத."

நாற்காலி வெளியே போனது. கூலரின் இரைச்சலில் பெனிட்டாவுக்குப் பாதிதான் கேட்டது.

வெளியே திருவிழா. முதலில் சேஷன் உட்கார்ந்தார், ஸ்நேகா தள்ளினாள். இரண்டாவது சுற்றில் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"பெரியப்பா, கண்ணை மூட வேண்டாம். அது வேற டிஸெபிலிட்டி."

"இருக்கட்டும்டி. நன்னா அனுபவிச்சுக்கறேன்." பத்தாவது நிமிஷம் இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாள் புரியலை சிஸ்டர். இப்பப் புரிஞ்சுடுத்து. இனிமே யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் முழு உண்மை. அவர் கண்ணைத் துடைத்த படம் குரூப்பில் வந்தது. அதற்குப் பிறகு யார் சும்மா இருப்பார்கள்? வரிசை நின்றது. பொன்னம்மாள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையை ஊன்றிப் பார்த்துவிட்டு, "சோபாவவிட நல்லாத்தான் இருக்கு, முட்டிவலிக்கு இதமா இருக்கும்" என்றாள். பத்து நிமிஷம் ஒன்றேமுக்கால் மணி நேரமாயிற்று. செலின் நடுவே நின்று, பெட்ஸோர் புண் எப்படி வரும், எப்படித் தூக்கவேண்டும் என்று டிசைன் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டாஃப் நர்ஸ்கள் கையைக் கட்டி நின்று கேட்ட காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

ஸ்நேகா காகிதத்தை விரித்தாள். "வாவ், தீதீ செம்மையா டிரா பண்ணியிருக்காங்க. ட்வென்ட்டி சிக்ஸ் ஃபீட்."

"இருபத்தாறு அடியா!" சேஷன் எட்டிப் பார்த்தார். "அது என் கார் நிக்கற இடத்தை முழுங்கிடுமே! அப்புறம் நான் காரை யமுனைலயா நிறுத்தறது?"

"தனியா போறவங்களுக்கு அவ்ளோ வேணும் பெரியப்பா. பின்னாலேர்ந்து தள்ள ஆள் இருந்தா பாதி போதும்னு எங்க சார் சொன்னார். கொஞ்சம் செங்குத்தா இருக்கும், பட் சலேகா, ஓடிடும்." ஸ்நேகா டாப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். "ஆண்டி, இது இம்பார்ட்டன்ட். யூஸர் தனியா போவாங்களா, இல்ல கூட ஆள் இருப்பாங்களா?"

முப்பத்தேழு வருஷம் வார்டில் படுக்க வந்த ஒவ்வொருவரிடமும் செலின் கேட்ட முதல் கேள்வி அது. கூட ஆள் உண்டா? உண்டு என்றால் மனுஷன். இல்லை என்றால் அனாதை; சுவரோரக் கட்டில்; கூப்பிட்டால் யாரும் வராத மணி. கூட ஆள் இல்லாமல் செத்தவர்களை அவளே துணி சுற்றி அனுப்பியிருக்கிறாள். அந்தக் கேள்வியைத் தன் மகளைப் பார்த்து, தன் வாசலில், இருபத்திரண்டு வயதுப் பெண் கேட்கிறாள்.

"என்ன பிள்ளே கேட்டுப்போட்ட? நான் உயிரோட இருக்கும்ப எனக்க மவளுக்கு ஆள் இல்லாம போவுமா? கூட ஆள் உண்டு. எப்பளும் உண்டு. எழுது."

"அப்ப டிக் பண்ணிடறேன். இல்ல, தீதீயையே ஒருதரம் கேட்டுடவா?"

வார்டு பழக்கத்தில் வந்த வாய் என்று செலினுக்காகப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். முதல் பதிலுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். ஆனால் ஸ்நேகா இப்படிக் கேட்டதும் செலின் திரும்பி மகள் படுத்திருந்த அறை ஜன்னலைப் பார்த்தாள். மெட்ரோவிலிருந்து திரும்பிய முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகம் தினமும் காலை எட்டு மணிக்கு வெளியே போய்விட்டால், எட்டரைக்கு இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை? ஃபிரிட்ஜ் கதவில் என்ன எழுதுவது?

"அவ உறங்குகா" என்றாள். "எழுப்பாத."

உள்ளே போனபோது பன்னிரண்டு மணி யூரின் நேரம் தாண்டி முக்கால் மணி ஆகியிருந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவை. டியூப் பெட்டி எட்டாத அலமாரியில், வழக்கமான இடத்தில் இருந்தது. படுக்கை நனைந்திருந்தது. பெனிட்டா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கூப்பிட்டிருக்கப்பிடாதா பிள்ளே?"

"கூப்பிட்டேன்" என்றாள் பெனிட்டா. பிறகு, "நாற்காலி எங்க? எல்லாரும் போயாச்சா?" என்றாள்.

எல்லோரும் போயிருந்தார்கள்.

ஜூலையில் மிஸ்திரி வந்தார். மழைக்கென்று வாசலில் நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டார்கள். திறப்பு விழா வரைக்கும் சஸ்பென்ஸாக இருக்கட்டும் என்று சேஷன் அதை அவிழ்க்கவே விடவில்லை. சிமென்ட் கலவை சத்தமும் ஈரச்சாக்கு நாற்றமும்தான் உள்ளே வந்தன. ஆறு வாரம் பெனிட்டா வாசலைப் பார்க்கவில்லை.

"மம்மி, நீளம் எவ்வளவு வருது? எட்டிப் பாத்தியா?"

"நீ வரைஞ்ச மாதிரிதான் கெட்டுகான்."

"நடுவுல தட்டு வச்சிருக்கானா?"

"எல்லாம் வச்சிருக்கான் மக்ளே. நீ கஞ்சியக் குடி."

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை திறப்பு விழா. ரிப்பன், சமோசா, பாட்டில் ஜூஸ், ஸ்நேகாவின் புரொபசர். பெனிட்டா நீலச் சுடிதார் போட்டு, லிப்ஸ்டிக்கூடப் போட்டு வாசலுக்கு வந்தாள். தார்ப்பாயை உருவினார்கள். மஞ்சள் கைப்பிடி, பக்கச் சுவரில் சூரியகாந்திப் பூக்கள், எல்லாம் அழகு. எல்லோரும் கைதட்டினார்கள். பெனிட்டா கைதட்டவில்லை. கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். பதின்மூன்று அடி. அதற்கப்பால் சேஷனின் வெள்ளைக் கார், கழுவித் துடைத்து நின்றது.

"போய்ப் பாரும்மா! உனக்காகத்தானே இத்தனையும்!" என்றார் சேஷன்.

செலின் பின்னாலிருந்து நாற்காலியைப் பிடித்தாள்.

"கைய எடு மம்மி."

"மக்ளே, பைய..."

"எடு."

இறங்கும்போது சக்கர விளிம்பு உள்ளங்கைத் தோலை உரித்தது. கீழே போய்க் காரின் பம்பரில் முட்டி நின்றாள். சேஷன் ஓடிவந்து பம்பரைத் தடவினார். பெனிட்டா திரும்பி, மூச்சைப் பிடித்து ஏறினாள். பாதியில் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கின, பின்னுக்கு வந்துவிட்டாள். இன்னொரு தடவை. "ஷாபாஷ், ஷாபாஷ்" என்றார் புரொபசர், மொபைலில் படம் பிடித்தபடி. மூன்றாவது தடவை நாற்காலி அப்படியே மல்லாந்தது. தலை சிமென்டில் பட்ட சத்தம் இரண்டாவது மாடி வரைக்கும் கேட்டது என்கிறார்கள்.

வாட்ச்மேனும் இஸ்திரிக்காரரும் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "ஏக், தோ, தீன்" என்று புது ராம்ப் வழியாகவே அவளைத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள்.

பின்மண்டை புடைத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே பெனிட்டா ஸ்நேகாவைக் கூப்பிட்டாள். "என் படத்தைப் பாத்தியா நீ?"

"பாத்தேன் தீதீ. ரொம்ப அச்சா." ஸ்நேகாவுக்கு அழுகை முட்டியது. "பட் அது தனியா போறவங்களுக்கு. நீங்க... ஃபார்ம்ல இருக்கே. ஆண்டிதான் சொன்னாங்க." டாப்லெட்டை நீட்டினாள். "உங்களையும் கேக்கலாம்னு சொன்னேன் தீதீ, சச், சத்தியமா. நீங்க தூங்கறீங்கன்னாங்க."

பெனிட்டா படித்தாள். உபயோகிப்பவர்: பெனிட்டா. தனியாகவா, துணையோடா: துணையோடு, எப்போதும். தகவல் தந்தவர்: செலின், தாயார். பொறுமையாக இரண்டு தடவை படித்தாள். பிறகு தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நான் உறங்கல மம்மி."

சமோசாவைக் கடித்தவர்கள் கடித்தபடி நின்றார்கள்.

"அட, என்ன ஆயிடுத்து இப்போ?" சேஷன்தான் ஆரம்பித்தார். "தனியாப் போனாத்தானே விழறது? சிஸ்டர் தள்ளினா பிரமாதமா வரும். அம்மா இருக்கும்போது என்ன கவலை?"

இடித்துக் கட்டுவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பிராஜெக்டுக்கு மார்க் போட்டாயிற்று. கல்லூரியில் முதல் பரிசும் அதற்குத்தான்.

சனி ராத்திரியும் ஞாயிறும் பெனிட்டா பேசவில்லை. செலின் அன்றைக்கு சர்ச்சுக்குப் போகவில்லை. மகள் வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள். பாவம் என்றும் நினைத்தாள். கூடவே, சாயங்காலத்துக்கு நெத்திலி வாங்கலாமா என்றும் நினைத்தாள். ஐந்து மணிக்குப் பெனிட்டா லாப்டாப்பை மூடினாள்.

"நாளைக்கு ஏழே முக்காலுக்கு ரெடியா இரு."

"நானா மக்ளே?"

"நீதான. எப்பளும் உண்டுன்னு எழுதிக் குடுத்திருக்கியே."

செலினுக்கு அழுகையாக வந்தது, சந்தோஷத்தில். கஞ்சி போட்ட காட்டன் சேலை, மூன்றடுக்கு டிபன், கைப்பையில் டெட்டால், பஞ்சு. திங்கட்கிழமை காலையில் பி பிளாக்கே பார்க்க, தலையை நிமிர்த்தி மகளைத் தள்ளிக்கொண்டு போனாள். மெட்ரோவில் நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். நாலு பேருக்கும் டெம்போ கதையைச் சொன்னாள். பெனிட்டா காதில் இயர்போன்.

நொய்டாவில் கண்ணாடிக் கட்டடம். வாசலில் செக்யூரிட்டி ரெஜிஸ்டரைத் திறந்தான்.

"மேடம், யே கௌன்?"

"அட்டெண்டன்ட்" என்றாள் பெனிட்டா.

"மா ஹூம் மை" என்றாள் செலின் அவசரமாக. "மதர். சிஸ்டர். ஐ மீன், நர்ஸ் ஆல்சோ."

அவன் குழம்பிப்போய் பெனிட்டாவைப் பார்த்தான்.

"அட்டெண்டன்டுன்னே எழுதுங்க பையா" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, பெனிட்டா சக்கரத்தை உருட்டினாள். உள்ளே தரை வழவழவென்று சமமாக இருந்தது. ஒரே தள்ளில் லிஃப்ட் வரைக்கும் போனாள். அட்டெண்டன்டுகள் உள்ளே வரக்கூடாது, அதோ டிரைவர்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றான் செக்யூரிட்டி.

டிரைவர்கள் இரும்பு பெஞ்சில் செய்தித்தாள் விரித்துத் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒன்பதிலிருந்து ஆறு வரைக்கும் செலின் அங்கே இருந்தாள். புழுக்கத்தில் கஞ்சி போட்ட சேலை துவண்டது. பன்னிரண்டு மணிக்கு எழுந்து கண்ணாடிச் சுவரில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள், யூரின் நேரம். ஒரு மணிக்குப் போன் பண்ணினாள். "நானே எடுத்தாச்சு. எவ்வளவுன்னு அளக்கல" என்று வைத்துவிட்டாள் பெனிட்டா. ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படி உட்கார்ந்திருப்பவர்களைச் செலின் எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறாள். இஞ்ச இருக்கப்பிடாது, அங்கிட்டுப் போங்க. இங்கே அவளை யாரும் விரட்டவில்லை. ஆள் இருப்பதையே யாரும் கவனிக்கவில்லை. டிபனைத் திறந்து மூடினாள்.

திரும்பி வரும்போது ஏழு மணி. பி பிளாக் பால்கனிகளில் அந்நேரத்துக்கு எல்லோரும் இருப்பார்கள். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தார்கள். சேஷன் காரைத் துடைக்கிற சாக்கில் கீழேயே நின்றார்.

செலின் ராம்ப் அடியில் நாற்காலியை நேராக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஐம்பத்தொன்பது வயது முட்டி. முதல் நாலு அடி ஏறிற்று. அதற்கப்புறம் செருப்பு வழுக்கியது.

"மக்ளே, சக்கரத்தக் கொஞ்சம் பிடி."

பெனிட்டா இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"மக்ளே, கைய வையி பிள்ளே. தோள் போவுது எனக்கு."

"ஆபீஸ்ல ஹெச்.ஆர். கேட்டாங்க மம்மி" என்றாள் பெனிட்டா, முன்னால் பார்த்தபடி, வாரக் கடைசியில் என்ன சமையல் என்று பேசுகிற குரலில். "இந்த ஆளு எத்தன நாளைக்கு வரும்னு. நான் ரிடையர் ஆறவரைக்கும்னு சொல்லியாச்சு."

பொன்னம்மாள் மேலே விரல்விட்டு எண்ணினாள். இருபத்தேழு வருஷம். அப்போது செலினுக்கு எண்பத்தாறு.

"பார்த்தேளா?" என்றார் சேஷன் அண்ணாந்து, எல்லா பால்கனிக்கும் பொதுவாக. "ஆள் இருந்தா வர்றதோன்னோ! நான் அப்பவே சொன்னேன்."

செலினால் மேலே ஏற்றவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. விட்டால் மகள் கீழே போய்விடுவாள். நாற்காலியின் முதுகில் மார்பை முட்டுக் கொடுத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். சூரியகாந்திப் பூவின் மேல் அவள் வியர்வைக் கை வழுக்கி வழுக்கிப் பிடித்தது.

"தள்ளு மம்மி" என்றாள் பெனிட்டா. "எல்லாரும் பாக்காங்க."